ரயிலுக்குத் தூக்கம், 'டிங்'குக்கு விழிப்பு

கேள்வி:

டாக்டர், எனக்கு வயது 47. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். போன ஆவணியில் வில்லிவாக்கத்தில் தண்டவாளத்தை ஒட்டிய தெருவுக்குக் குடிவந்தோம். முதல் பத்து நாள் பட்ட பாடு சொல்லி மாளாது. ராத்திரி கூட்ஸ் வண்டி போனால் கட்டில் அதிரும், அலமாரியில் எவர்சில்வர் டம்ளரெல்லாம் கிணுகிணுக்கும். இப்போது வண்டி போவதே தெரிவதில்லை. ஊரிலிருந்து வந்த தங்கை, "எப்படிக்கா இந்தச் சத்தத்துல தூங்குறே?" என்று கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது.

ஆனால் வீட்டுக்காரர் தலைமாட்டில் வைத்திருக்கும் போனில் ஒரே ஒரு 'டிங்' வந்தால் போதும், படக்கென்று விழித்துவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் அப்பா தவறிய சேதி வந்தபோதும் இதே மாதிரிதான் நான்தான் முதலில் எழுந்தேன். எனக்கு எப்போதும் இலேசான தூக்கம்.

இன்னொன்று. போன மாதம் ஒருநாள் பாதையில் ஏதோ வேலை என்று ராத்திரி வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும் அல்லவா? ஒன்றரை மணிக்கு முழித்தவள் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். காலேஜில் படிக்கும் என் மகன், "உனக்கு டோபமைன் குறைஞ்சு மூளை மரத்துப்போச்சும்மா" என்று சொல்லி ஒரு யூடியூப் வீடியோவையும் அனுப்பிவைத்தான். எனக்குக் காது போய்விட்டதா, மூளை மந்தமாகிறதா?

பி.கு: ரயிலுக்குப் பழகியது போல என் வீட்டுக்காரர் என் பேச்சுக்கும் பழகிவிட்டாரோ என்று சந்தேகம். அதற்கும் பதில் தரவும்.

பதில்:

காதுக்கு ஒன்றுமில்லை அம்மா. அதற்குச் சாட்சி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. தூக்கத்தில் ஒரு 'டிங்' கேட்கிற காது, கட்டிலை ஆட்டும் கூட்ஸ் வண்டியைக் கேட்காமலா இருக்கும்? கேட்கிறது. கேட்டதை உங்களிடம் வந்து சொல்ல வேண்டியதில்லை என்று மூளை முடிவெடுத்திருக்கிறது. இதைப் பழகிப்போதல் என்கிறோம். 'பழகப் பழகப் பாலும் புளிக்கும்' என்று நம்மவர்கள் ஏதோ குறை போலச் சொல்லிவைத்தார்கள். நரம்பியல் படித்தவர்கள் இதைக் குறையாகப் பார்ப்பதில்லை. உயிரினங்கள் கற்கிற பாடங்களிலேயே மிகப் பழையதும் மிக எளியதும் இதுதான்.

இது களைப்பு இல்லை, கற்றல்தான் என்பதற்கு ஒரு சோதனை உண்டு. களைத்த காதுக்கு எந்தச் சத்தமும் சரியாக எடுபடாது. பழகிய மூளையோ ஒன்றை மட்டும் ஒதுக்கும். பக்கத்தில் புதிதாக ஒன்று கேட்டால் உடனே நிமிரும், சில சமயம் ஒதுக்கிய பழைய சத்தமும் கொஞ்ச நேரம் மறுபடி காதில் விழத் தொடங்கும். தங்கை கேட்ட அன்று ராத்திரி உங்களுக்கு ரயில் சத்தம் கேட்டிருக்குமே?

உள்ளே என்ன நடக்கிறது என்பதை நமக்கு முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு கடல் நத்தை. ஓடு வெளியே தெரியாத, உள்ளங்கையை நிறைக்கும் கொழுத்த பிராணி. அப்ளீசியா என்று பெயர், கடல் முயல் என்றும் சொல்வார்கள். நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் என்றால் அதற்கு மொத்தமே 20,000 அளவில்தான். அவற்றில் சில, வெறும் கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பெரியவை. எரிக் கேண்டல் என்ற அமெரிக்க விஞ்ஞானி இந்தப் பிராணியைத் தேர்ந்தெடுத்தபோது, மனித மனத்தை ஆராய வந்தவர் நத்தையோடு மல்லுக்கட்டுகிறாரே என்று சகாக்கள் முகம் சுளித்தார்கள். 2000-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது அந்த நத்தையால்தான்.

சோதனை எளிது. நத்தையின் நீர்க்குழலை மெல்லத் தொட்டால் அது செவுளைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுபடி தொட்டால் கொஞ்சம் குறைவாக இழுக்கும். பத்துமுறை தொட்டபின் முதலில் இழுத்ததில் பாதிகூட இழுக்காது. 1970-இல் கேண்டலும் கூட்டாளிகளும் இந்தச் சுற்றில் உள்ள நரம்பணுக்களை ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்துக் கோளாறு எங்கே என்று தேடினார்கள். தொடுவதை உணரும் அணு ஒழுங்காகத்தான் துடித்தது. செவுளை இழுக்கும் அணுவும் தயாராகத்தான் நின்றது. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் மாற்றம். முதல் அணு அடுத்ததற்கு குளுட்டமேட் என்ற வேதிப்பொருளைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாக வீசித்தான் சேதி சொல்லும். தொடத் தொட அந்தப் பொட்டலங்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போனது. வாசலில் வருகிற தபால் எல்லாம் வந்துகொண்டுதான் இருக்கிறது, வீட்டுக்குள் கொண்டுபோய்க் கொடுக்கிற ஆள்தான் சோம்பலாகிவிட்டான்.

ஒரே நாளில் பத்துமுறை தொட்டால் இந்தச் சோம்பல் சிறிது நேரத்தில் கலைந்துவிடும். இடைவெளி விட்டு நான்கு தவணையாகத் தொட்டால் வாரக்கணக்கில் நிற்கும். உங்கள் 'முதல் பத்து நாள்' எனக்குச் சுவாரசியமாகப் பட்டது இதனால்தான். நீண்ட காலப் பழக்கத்தில் வேதிப்பொருள் குறைவதோடு கட்டுமானமே மாறுகிறது. நத்தையின் ஒரு உணர்வு நரம்பணுவுக்குச் சாதாரணமாக 1,300 அளவில் இருக்கும் இணைப்பு முனைகள், நெடுநாள் பழகியதில் 850 அளவுக்குச் சுருங்கியதைப் பார்த்தார்கள். வேண்டாத வாசலை மூளை செங்கல் வைத்தே அடைத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதன் மறுபக்கம் உங்கள் 'டிங்'. அதே நத்தையின் வாலில் ஒரு மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். அவ்வளவுதான், பழகி அடங்கிக் கிடந்த செவுள் இலேசாகத் தொட்டாலே துள்ளி இழுத்தது. வாலிலிருந்து எழுந்த எச்சரிக்கை, செரடோனின் என்ற வேறொரு வேதிப்பொருளை அந்தச் சந்திப்பின் மேல் கொட்டுகிறது. அது உணர்வு அணுவுக்குள் ஒரு சங்கிலியைக் கிளப்பிவிட, பொட்டாசியம் வெளியேறும் வழிகள் அடைபட்டு, கால்சியம் கூடுதலாக உள்ளே புகுந்து, குளுட்டமேட் பொட்டலங்கள் முன்னைவிட அதிகமாக வெளியே பாய்கின்றன. அதிர்ச்சியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் இங்கும் கட்டுமானம் மாறும். 1,300 முனைகள் 2,700 அளவுக்குப் பெருகின. பழகிப்போவது ஒரு கற்றல் என்றால், கூர்ந்து பதறுவதும் கற்றல்தான்.

"எனக்கு எப்போதும் இலேசான தூக்கம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. தூக்கம் இலேசானதாக இருந்தால் கூட்ஸ் வண்டிக்கும் விழித்திருப்பீர்கள். அப்பா தவறிய சேதி ராத்திரி போனில் வந்தது என்பதையும் அதே வரியோடு எழுதியிருக்கிறீர்கள். கூட்ஸ் வண்டி உங்களுக்கு இன்றுவரை எந்தக் கெட்ட சேதியும் கொண்டுவந்ததில்லை. போன் கொண்டுவந்திருக்கிறது. போதாததற்கு அந்த 'டிங்' எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்ததில் பத்தில் ஒன்பது யாரோ அனுப்பிய காலை வணக்கப் படமாக இருக்கும், பத்தாவது என்னவாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பழகிப்போக இதைவிட மோசமான சத்தத்தை வேண்டுமென்றே தயாரித்தாலும் கிடைக்காது.

நம் மூளையில் இந்த எச்சரிக்கை வேலையை நத்தையில் போல ஒரு வேதிப்பொருள் மட்டும் தனியாகச் செய்வதில்லை. முக்கியப் பங்கு நாரட்ரீனலினுக்கு. மூளைத் தண்டில், நீலப் புள்ளி என்று பொருள்படும் லத்தீன் பெயர் கொண்ட ஒரு சின்னஞ்சிறு இடம் இருக்கிறது. சில பத்தாயிரம் அணுக்கள்தான். ஆனால் அவற்றின் கிளைகள் மூளை முழுக்கப் படர்ந்திருக்கின்றன. புதிய சத்தம், திடீர் வெளிச்சம், ஏதோ முக்கியம் என்று பட்டது எதுவானாலும் இந்த அணுக்கள் ஒரு கொத்தாக வெடித்து நாரட்ரீனலினைப் பரப்பும். அதே சத்தம் ஒன்றும் செய்யாமல் திரும்பத் திரும்ப வந்தால் இவையும் மெல்ல அடங்கும். தூங்குகிற மூளையும் சத்தங்களைப் பெயர் பிரித்துத்தான் கேட்கிறது. 1960-இல் இங்கிலாந்தில் தூங்குகிறவர்களுக்கு வரிசையாகப் பெயர்களைச் சொல்லிப் பார்த்தார்கள். மற்றப் பெயர்களைவிடத் தன் பெயர் வந்தபோது மூளை அலைகள் அதிகமாகக் கலைந்தன. பச்சைக் குழந்தையின் முனகலுக்கு எழுந்து, இடிக்கு எழாத தாய்மாருக்கு இந்தச் சோதனை தேவைப்பட்டிருக்காது.

இனி அந்த ஒன்றரை மணி. கேள்வியிலேயே அழகான பகுதி இது. இல்லாத சத்தத்துக்கு ஒருவர் எப்படி விழிக்க முடியும்?

நத்தைக் கதையை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. இணைப்பு சோம்பலானதுதான் முழுக் காரணம் என்றால், சத்தம் நின்றால் மூளைக்குத் தெரியவே கூடாது. மாஸ்கோவில் யெவ்கெனி சோகொலோவ் என்ற விஞ்ஞானி இதைத்தான் பிடித்தார். ஒரே நீளமுள்ள ஓசையைத் திரும்பத் திரும்பக் கேட்கவைத்து ஆட்கள் பழகியபின், ஓசையின் நீளத்தைத் திடீரென்று குறைத்தார். முழு நீளம் இருந்திருந்தால் ஓசை தொடர்ந்திருக்க வேண்டிய அந்த வெற்று நொடியில் கவனம் துள்ளியது. மூளை, பழகிய சத்தத்துக்கு ஓர் அச்சு செய்து வைத்துக்கொள்கிறது, வருவதை அந்த அச்சோடு பொருத்திப் பார்க்கிறது, பொருந்தினால் பேசாமல் இருக்கிறது, பொருந்தாவிட்டால் எழுப்புகிறது என்றார் அவர்.

உங்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டியதில்லை. தையல் மெஷின் ஓடுகிற சத்தம் உங்களுக்குக் கேட்கிறதா? கேட்காது. ஊசி முனை மழுங்கித் துணியில் 'டொக் டொக்' என்று குத்தத் தொடங்கினால்? பேசிக்கொண்டே இருந்தாலும் கால் தானாக நின்றுவிடும். மெஷின் சத்தம் உள்ளே அச்சாக இல்லாவிட்டால் அந்த வேறுபாட்டை எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்?

இந்த அச்சை எந்த வேதிப்பொருள் செய்கிறது என்பதில் நம் நாட்டு ஈக்களுக்கும் பங்குண்டு. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்து ஆய்வாளர்களும் அயர்லாந்தில் இருக்கும் மணி ராமசுவாமியின் குழுவும் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட ஆய்வு அது. பழ ஈக்களை ஒரே வாசனையில் நான்கு நாள் வைத்தால் அந்த வாசனையைக் கண்டுகொள்ளாமல் விடுகின்றன. காரணம், வாசனையைக் கடத்தும் அணு சோர்ந்ததல்ல. பக்கத்தில் இருக்கும் அடக்கும் அணுக்கள், காபா என்ற வேதிப்பொருளை அந்த வாசனைக்குரிய தடத்தில் மட்டும் வலுவாகத் தெளிக்கக் கற்றுக்கொள்கின்றன. வேறு வாசனை வந்தால் ஈ வழக்கம்போல எதிர்வினை காட்டும். உள்ளே வருகிற சேதிக்கு எதிராக அதே வடிவில் ஒரு 'இல்லை' எழுதப்படுகிறது, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன என்று ராமசுவாமி பின்னர் விளக்கினார். ரயிலுக்கான 'இல்லை' உங்கள் மூளையிலும் ஏதோ ஒரு வகையில் எழுதப்பட்டிருக்கிறது. ரயில் வராத அன்று அந்த 'இல்லை' மட்டும் தனியாக நின்றது என்று நினைத்துப் பாருங்கள்.

மனிதர்களில் இதை மின் அலையாகவே பார்க்கலாம். பின்லாந்தின் ரிஸ்டோ நாட்டனன் 1978-இல் காட்டிய அலை அது. 'டப், டப், டப்' என்று போய்க்கொண்டிருக்கும்போது நடுவே ஒரு 'டிப்' வந்தால், கால் நொடிக்குள் மூளையில் ஒரு தனிச் சாய்வு தெரியும். ஆள் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாலும் தெரியும். குளுட்டமேட் ஏற்பிகளில் ஒரு வகையை அடைக்கும் கெட்டமின் மருந்தைக் கொடுத்தால் இந்த அலை மங்கிவிடும். மனச்சிதைவு நோய் உள்ளவர்களிடமும் மங்கலாகத்தான் இருக்கும்.

கார்ல் பிரிப்ரம் என்ற நரம்பியலாளர் அடிக்கடி சொன்ன கதை ஒன்று உண்டு. நியூயார்க்கில் மூன்றாவது அவென்யூவின் தலைக்கு மேல் ஓடிய ரயிலை 1955-இல் நிறுத்திவிட்டார்கள். அதன்பின் அந்தத் தெருக்காரர்கள் நடுராத்திரியில் போலீசுக்குப் போன் செய்து, ஏதோ விபரீதமாக இருக்கிறது, திருடனாக இருக்குமோ என்றார்களாம். போன் வந்த நேரமெல்லாம் முன்பு ரயில் போன நேரமாம். கதை என்றே எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அதுதான். இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு டாக்டராக இதையும் சொல்ல வேண்டும். 47 வயதில் நள்ளிரவு விழிப்பு வந்தால் மாதவிலக்கு நிற்கப்போகிற காலமும் காரணமாக இருக்கலாம். வண்டி ஓடுகிற நாட்களிலும் அடிக்கடி இப்படி விழித்தால் மகளிர் மருத்துவரைப் பாருங்கள்.

மகனிடம் சொல்லுங்கள்: வீடியோ பாதிதான் சரி. டோபமைனுக்கும் இதற்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் 1990-களில் குரங்குகளிடம் காட்டியது இது. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் டோபமைன் அணுக்கள் துடிக்கும். விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகிவிட்டால் விளக்குக்குத் துடிக்கும், சாறுக்குத் துடிக்காது. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வர வேண்டிய நேரத்தில் துடிப்பு இறங்கும். அதாவது கிடைத்ததன் அளவை அல்ல, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அது சொல்கிறது. புதுப் போன் ஒரு வாரத்தில் வெறும் போன் ஆகிவிடுவதற்கு இதில் விளக்கம் இருக்கிறது. அதற்காக டோபமைன் 'தீர்ந்துபோனது' என்றோ, விரதம் இருந்து மறுபடி 'நிரப்பலாம்' என்றோ சொல்வது கதை.

டோபமைன் நிஜமாகவே குறைகிற நோய் பார்க்கின்சன். நெற்றியில் புருவங்களுக்கு நடுவே விரலால் தட்டினால் எவரும் கண்ணை இமைப்பார்கள். நாலைந்து தட்டில் பழகி இமைப்பது நின்றுவிடும். பார்க்கின்சன் நோயாளிகள் பலருக்கு அது நிற்காது, தட்டத் தட்ட இமைத்துக்கொண்டே இருப்பார்கள். லெவோடோபா மருந்து கொடுத்தபின் சிலருக்கு அந்த இமைப்பு அடங்கியதும் பதிவாகியிருக்கிறது. டோபமைன் குறைந்தால் ஆள் பழகி மரத்துப்போவார் என்பது உங்கள் மகனின் வாதம். இங்கே நடப்பதோ நேர் எதிர், பழகுகிற திறமைதான் போகிறது. ஒற்றைத் தலைவலிக்காரர்களும் இப்படித்தான். வலி இல்லாத நாட்களிலும் அவர்கள் மூளை திரும்பத் திரும்ப வரும் படத்துக்கும் ஓசைக்கும் நம்மைப்போல அடங்குவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் மூளை நன்றாகப் பழகுகிறது. சந்தோஷப்படுங்கள்.

முழுக்கவும் அல்ல. இரண்டு இடங்களில் இந்தப் பழக்கம் நம்மை ஏமாற்றும்.

ஒன்று, உங்கள் இதயம். தூக்க ஆய்வுகளில், ரயில், விமானச் சத்தத்துக்கு விழித்துக்கொள்வது நாளாக ஆகக் குறைகிறது. சத்தம் வரும்போது இதயத் துடிப்பு ஏறுவது மட்டும் அந்த அளவுக்குக் குறைவதில்லை. உங்களுக்குத் தெரியாமல் உடம்பு ராத்திரி முழுக்க ரயிலைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் ஐரோப்பாவுக்காகச் சொன்ன இரவு நேர வரம்பு, வீட்டுக்கு வெளியே சராசரி 40 டெசிபல். தண்டவாளத்து ஓரத்தில் அதற்கெல்லாம் வழியில்லை. ஆனால் கட்டிலை மறுபக்க அறைக்கு மாற்ற முடியுமா, தண்டவாளப் பக்க ஜன்னலை ராத்திரி சாத்திவைக்க முடியுமா என்று பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பி.பி. பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று மூக்கு. காதைப் போலல்லாமல், மூக்கில் மூளை பழகுவதற்கு முன்பே வாசனை ஏற்பிகளும் சில நிமிடங்களில் மந்தமாகிவிடும். சமையல் வாயுவுக்கு நாற்றம் கிடையாது என்பதால்தான் மெர்காப்டன் என்ற நாறும் பொருளைக் கலக்கிறார்கள். கசிவு இருக்கும் அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தால் அந்த நாற்றமும் தெரியாமல் போகும். வெளியிலிருந்து வந்தவர் "கேஸ் வாசனை வருதே" என்றால் உங்கள் மூக்கை நம்பாதீர்கள், வந்தவர் மூக்கை நம்புங்கள். சாக்கடைக் குழியில் ஊறும் ஹைட்ரஜன் சல்பைடு இதைவிடக் கொடியது. அழுகிய முட்டை நாற்றத்தோடு தொடங்கி, காற்றில் அதன் அளவு 100 பிபிஎம்மைத் தாண்டும்போது மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றது என்றால் வாயு போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவர்கள் திரும்புவதில்லை. உங்கள் தெருவில் யாராவது கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆள் இறக்கினால், தயவுசெய்து போய்ச் சண்டை போடுங்கள்.

'டிங்'குக்கு மருந்து வேண்டாம். ராத்திரி பத்துக்கு மேல் போனை சைலன்ட்டில் போட்டு, உங்கள் அம்மா, தங்கை, மகன் எண்களுக்கு மட்டும் மணி அடிக்கும்படி மகனை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். வீடியோ அனுப்பத் தெரிந்தவனுக்கு இது தெரியாமல் இருக்காது. முக்கியமானது வந்தால் நிச்சயம் அடிக்கும் என்று தெரிந்தபின், பதற்றம் மெல்ல அவிழும். பத்து நாளில் அவிழாது. நத்தைக்கே அதிர்ச்சி மறக்க வாரங்கள் ஆயின.

வீட்டுக்காரர் விஷயம். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே சுருதியில் வருகிற சேதிக்கு எந்த மூளையும் அச்சு செய்துவிடும். சாப்பாட்டு நேரத்தில் சொல்வதை ஒருநாள் பேசாமல் இருந்துவிட்டுப் பாருங்கள், ஒன்றரை மணி ரயில் கதை அவருக்கும் நடக்கலாம். இன்னொரு வழியும் உண்டு. 1959-இல் நெவில் மோரே என்பவர், ஒரு காதில் ஒரு பேச்சை உன்னிப்பாகக் கேட்கவைத்து, கவனிக்காத மறு காதில் அவரவர் பெயரைச் சொல்லிப் பார்த்தார். மூன்றில் ஒருவருக்கு அது எட்டியது. வேறெதுவும் எட்டவில்லை. வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் உங்களுக்கு உண்டா என்று எழுதவில்லையே. இல்லையென்றால் முதல் தடவை கூப்பிடும்போது நிச்சயம் திரும்பிப் பார்ப்பார். அடிக்கடி கூப்பிட்டுவிடாதீர்கள்.